விழாத இலைக்குத்தான் கவலைப்பட வேண்டும்

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகள் மான்செஸ்டரில் குடியிருக்கிறாராம். செப்டம்பர் கடைசியில் தொடங்கினால் நவம்பர் வரை புல்தரையில் இலை வாருவதே அங்கே பெரிய வேலையாம். "நமக்கு ஏது இலையுதிர் காலம் என்று அவளிடம் சொல்லிச் சிரித்தேன். ஆனால் அதே மாதத்தில்தான் இங்கே என் தொட்டிக் கறிவேப்பிலை மஞ்சளாகிக் கொட்டுகிறது. வாசலில் நிற்கும் கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) மரமோ வருடத்துக்கு இரண்டு தடவை சிவந்து கொட்டித் தீர்க்கிறது. கறிவேப்பிலைக்குக் கண்ணேறு பட்டிருக்கிறது, மஞ்சள் தண்ணீர் ஊற்றுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. இதெல்லாம் என்ன கணக்கு?"

நல்ல கேள்வி. மான்செஸ்டர், கெத்தாப்பாங், கறிவேப்பிலை என்று மூன்று இடத்திலும் நடக்கும் வேலை ஒன்றேதான். அதைத் தொடக்கி வைக்கும் காரணம்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது.

மான்செஸ்டர் கணக்கு பள்ளியில் படித்ததுதான். கோடையில் அங்கே பகல் ஏறக்குறைய 17 மணி நேரம். டிசம்பரில் ஏழரை மணி நேரம். மரம் பகல் சுருங்குவதையும் குளிர் கூடுவதையும் உணர்ந்து, பனி வருமுன் இலைகளைக் கழித்துவிடுகிறது. பினாங்கு நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்தரை டிகிரிகூடத் தள்ளி இல்லை. இங்கே வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் 40 நிமிடத்துக்கும் குறைவு. குளிரும் கிடையாது. நம் மரங்கள் பெரும்பாலும் தண்ணீரைப் பார்த்துத்தான் முடிவெடுக்கின்றன.

சரி, இலை எப்படி விழுகிறது? காய்ந்து, பிடி தளர்ந்து, காற்றில் விழுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படியானால் மழைக்காற்றில் முறிந்து தொங்கும் கிளையை நினைத்துப் பாருங்கள். அதன் இலைகள் பழுப்பேறி, சுருண்டு, மொறுமொறுவென்று காய்ந்தும் வாரக்கணக்கில் கிளையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதே மரத்தின் உயிருள்ள கிளையிலோ, பாதி பச்சையாக இருக்கும் இலைகூட விரல் பட்டதும் கழன்று வரும். காய்ந்தது நிற்கிறது, ஈரமுள்ளது விழுகிறது. ஏனென்றால் இலையை உதிர்ப்பது உயிருள்ள செல்கள் செய்யும் வேலை. கிளை செத்துவிட்டால் அந்த வேலையைச் செய்ய ஆளில்லை.

அந்த வேலை நடக்கும் இடத்தைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். வீட்டுப் பின்புறத்துப் பப்பாளி மரம் போதும். அதன் தண்டு முழுக்க வரிசையாகத் தழும்புகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஓர் இலைக்காம்பு நின்ற இடம். புதிதாக விழுந்த தழும்பாகப் பார்த்துக் கிட்டே போங்கள். பிய்த்த நார் கிடையாது, கிழிசல் கிடையாது. வழவழப்பாக, ஓரம் சுத்தமாக இருக்கும். நடுவே சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். நீரும் உணவும் போய்வந்த குழாய்கள் அறுபட்ட முனைகள் அவை. ஒரு பச்சைக் காம்பை நீங்களே பலவந்தமாக இழுத்துப் பிய்த்துப் பாருங்கள். தண்டின் தோலும் சேர்ந்து உரிந்து வரும், பால் வடியும். மரம் தானாகக் கழற்றிய இடத்துக்கும் நாம் பிய்த்த இடத்துக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

இலைக்காம்பு தண்டைத் தொடும் இடத்தில், இலை இளசாக இருக்கும்போதே, சில அடுக்குச் செல்கள் தனியாக ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. சுற்றியுள்ள செல்களைவிடச் சிறியவை, சுவர் அவ்வளவாகத் தடிக்காதவை. இலை வாழும் காலம் முழுக்க அவை ஒன்றும் செய்யாமல் கிடக்கும். நேரம் வந்ததும் நொதிகளை வெளியிடும். ஒரு செல்லையும் அடுத்த செல்லையும் ஒட்டி வைத்திருக்கும் பசைப்பொருள் பெக்டின். அந்தப் பெக்டினை ஒரு நொதி கரைக்கும். செல்சுவரின் செல்லுலோஸை இன்னொன்று தளர்த்தும். செல்கள் நீரை உறிஞ்சிப் பருத்து, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகும். கடைசியில் இலையைத் தாங்கி நிற்பவை உயிரற்ற நீர்க்குழாய்கள் மட்டுமே. சின்னக் காற்று, ஒரு மழைத்துளி, ஏறி உட்காரும் ஒரு மைனா, ஏதாவது ஒன்று போதும். இலை போன இடத்தில், தண்டுப் பக்கத்துச் செல்கள் தக்கைப்பொருளால் வாயை மூடிக்கொள்ளும். கிருமி நுழைய வழியில்லை.

விழுமுன் மரம் இன்னொரு காரியமும் செய்கிறது. பச்சையத்தையும் புரதங்களையும் உடைத்து, இலையில் இருக்கும் நைட்ரஜன், பாஸ்பரஸ் இரண்டிலும் ஏறக்குறைய பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பச்சை போனதும், முன்பே அங்கிருந்த மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன. கெத்தாப்பாங்கின் சிவப்பு அப்படி வந்ததல்ல. அந்தோசயனின் என்ற நிறமியைச் சாகப்போகும் இலை புதிதாகத் தயாரிக்கிறது.

இதையெல்லாம் எப்போது தொடங்குவது என்று அந்தச் சிறு செல்களுக்கு யார் சொல்வது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நலமாக இருக்கும் இலை ஆக்சின் என்ற ஹார்மோனை ஓயாமல் காம்பு வழியே கீழே அனுப்பிக்கொண்டிருக்கிறது. அது வந்துகொண்டிருக்கும் வரை கழற்றும் செல்கள் அசையாது. இலைக்கு வயதாகிறது, நோய் வருகிறது, தண்ணீர் போதவில்லை, நிழலில் சிக்கிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆக்சின் வரத்து குறைகிறது. உடனே அந்தச் செல்களுக்கு எத்திலீன் என்ற வாயுவின் மீது உணர்வு கூடுகிறது. எத்திலீன் பட்டதும் நொதிகள் சுரக்கின்றன. ஆக, இலை விழ வேண்டும் என்று தனியாக ஓர் உத்தரவு போக வேண்டியதில்லை. "நான் இருக்கிறேன்" என்ற சேதி நின்றாலே போதும்.

எத்திலீனைக் கண்டுபிடித்த கதை தெருவிளக்கில் தொடங்குகிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களில் எரிவாயு விளக்குகள் இருந்தன. மண்ணுக்கடியில் குழாய் கசிந்த இடங்களில் மரங்கள் பருவம் தப்பி இலை கொட்டுவதாக 1864-இல் ஜிரார்தான் என்பவர் எழுதினார். 1901-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் திமித்ரி நெல்யூபோவ் என்ற மாணவர், ஆய்வுக்கூடத்துப் பட்டாணி முளைகள் ஏன் கோணலாக வளர்கின்றன என்று ஆராய்ந்து, விளக்கு வாயுவில் இருக்கும் எத்திலீன்தான் காரணம் என்று காட்டினார். செடிகளே எத்திலீனைத் தயாரிக்கின்றன என்பதை 1934-இல் ஆப்பிளை வைத்து நிரூபித்தார் ரிச்சர்ட் கேன். வேடிக்கை என்னவென்றால், மின்விளக்கு வந்த பிறகு கதை தலைகீழானது. குளிர்நாடுகளில் தெருவிளக்கை ஒட்டிய கிளைகள் பகல் இன்னும் நீளமாக இருக்கிறது என்று ஏமாந்து, மற்றக் கிளைகளெல்லாம் மொட்டையான பிறகும் இலையை வைத்துக்கொண்டு நிற்கின்றன.

கோணல் பட்டாணியால் யாருக்கு என்ன லாபம் என்று அன்று கேட்டிருக்கலாம். தோட்டப்புறத்தில் பிறந்தவர்களுக்குப் பதில் தெரியும். 1968-இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தார், எத்திலீனை மெல்ல வெளிவிடும் எத்திபான் என்ற மருந்தைப் பால்மரத்தின் பட்டையில் தடவினால், பால் சீக்கிரம் உறையாமல் அதிக நேரம் வடிகிறது என்று வெளியிட்டார்கள். தோட்டங்களில் வாளிகள் நிறைந்ததற்கு அந்தக் கண்டுபிடிப்பும் ஒரு காரணம். ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் "உடனே என்ன பயன்?" என்று படிவத்தில் எழுதச் சொல்கிறார்கள். அந்தக் கட்டத்தில் நெல்யூபோவ் என்ன எழுதியிருப்பார்? அந்தக் கேள்வியையே எடுத்துவிடலாம் என்பது என் கட்சி.

கெத்தாப்பாங்குக்கு வருவோம். அது கடற்கரை மரம். தஞ்சோங் பூங்காவிலும் பத்து பெரிங்கியிலும் பார்த்திருப்பீர்கள். வருடத்துக்கு இரண்டு தடவை கொட்டுவது அதன் சுபாவம், நோய் கிடையாது. பகல் நீளம் என்ற பொதுக் கடிகாரம் இங்கே இல்லாததால், பக்கத்துப் பக்கத்து மரங்கள்கூட ஒரே வாரத்தில் கொட்ட வேண்டுமென்ற கட்டாயமில்லை. மாமரத்தில் ஒரு கிளை மட்டும் தளிர்விட்டு மற்றவை சும்மா நிற்பதைப் பார்த்திருப்பீர்களே.

இருந்தாலும் பினாங்குக்கென்று ஓர் இலையுதிர் காலம் உண்டு. அது தைப்பூசத்தை ஒட்டி வருவது. ஜனவரி, பிப்ரவரிதான் இங்கே மழை மிகக் குறைந்த மாதங்கள். வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையைத் தித்திவாங்சா மலைத்தொடர் கிழக்குக் கரையிலேயே தடுத்துவிடுகிறது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறும் நாள்களில் வேம்பும் தூங்குமூஞ்சியும் மெலிந்து நிற்கும். பெருநிலத்தில் பால்மரங்கள் மொட்டையாகி, சில வாரங்களில் செம்புநிறத் தளிர் விடும். அந்த மாதங்களில் பால் குறைந்து, கைக்கு வரும் கூலியும் குறைந்த கதை பல குடும்பங்களில் உண்டு.

ஆனால் வாசகியின் கறிவேப்பிலை கொட்டுவது செப்டம்பர், அக்டோபரில். பினாங்கில் மழை கொட்டும் மாதங்கள் அவை. தண்ணீர் தாராளமாக இருக்கும்போது ஏன் இலையைக் கழிக்க வேண்டும்?

வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணின் இடுக்குகளில் காற்று இருக்கிறது. தொட்டியின் ஓட்டை அடைத்துக்கொண்டு அந்த இடுக்குகளெல்லாம் நீரால் நிறைந்துவிட்டால், ஆக்சிஜன் வருவது ஏறக்குறைய நின்றுபோகும். காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவுகிறது. திணறும் வேர் எத்திலீன் தயாரிக்கத் தொடங்குகிறது. ஆனால் அதன் கடைசிப் படிக்கு ஆக்சிஜன் தேவை, அது அங்கே இல்லை. ஆகவே அதற்கு முந்தைய படியில் கிடைக்கும் ஏ.சி.சி. என்ற பொருள் வேரில் தேங்கி, நீரோடு சேர்ந்து மேலே ஏறுகிறது. கீழ்வீட்டில் அடுப்பு அணைந்துவிட்டதால், அரைத்த மாவை மாடிவீட்டுக்குக் கொடுத்தனுப்பித் தோசை சுட்டுக்கொள்ளச் சொல்வதைப் போல. இலையில் ஆக்சிஜனுக்குப் பஞ்சமில்லை. ஏ.சி.சி. அங்கே எத்திலீனாகிறது. காம்படிச் செல்கள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. இந்தப் பொருள்தான் எத்திலீனின் முன்னோடி என்பதை 1979-இல் கண்டறிந்தவர்களில் ஒருவர், தைவானில் பிறந்து கலிஃபோர்னியாவில் பணியாற்றிய ஷாங் ஃபா யாங். வெள்ளத்தில் நின்ற தக்காளிச் செடியில் அது வேரிலிருந்து இலைக்கு ஏறுவதையும் அவர் குழுவினர் அடுத்த வருடமே காட்டினார்கள்.

கறிவேப்பிலையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முதலில் ஈர்க்கிலிருந்து ஒவ்வோர் இலையாக உதிரும். வெறும் ஈர்க்கு சில நாள் தனியாக நிற்கும். பிறகு அதுவும் அடியோடு கழன்று விழும். ஒவ்வோர் இலைக்கும் ஒரு கழற்றுமிடம், ஈர்க்குக்கு வேறொன்று.

இந்த நிலைமையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்? ஏற்கெனவே மூழ்கிக் கிடக்கும் வேருக்கு இன்னொரு குடம். எலுமிச்சையும் மிளகாயும் கட்டித் தொங்கவிடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. செடிக்கு அதனால் கெடுதல் இல்லை, அக்காவின் மனசும் நோகாது. பரிகாரம் தண்ணீர் வடிவில் வரும்போதுதான் எனக்குப் பொறுக்காது. செடி வாடினால் தண்ணீர், கண் பட்டால் தண்ணீர், நேர்ந்துகொண்டால் பால் என்று ஊற்றி ஊற்றியே எத்தனை தொட்டிகளைக் கொன்றிருக்கிறோம்!

வாசகி செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டை எடுத்துவிடுங்கள். இரண்டு செங்கல் வைத்துத் தொட்டியைத் தூக்கி, ஓட்டையில் குச்சி விட்டு அடைப்பை நீக்குங்கள். மண்ணில் விரலைக் கணு அளவு விட்டுப் பாருங்கள். சேறாக ஒட்டினால் தொடர்மழைக்குக் கூரையடியில் நகர்த்துங்கள். உரம் இப்போது வேண்டாம். மூச்சுத் திணறும் வேரால் அதை எடுக்க முடியாது. புதுத் தளிர் வந்த பிறகு, மணலும் தேங்காய்நார்த் தூளும் கலந்த மண்ணுக்கு மாற்றிக்கொள்ளலாம். இலை சுத்தமாகக் கழன்று விழுந்தால் கிளை உயிரோடிருக்கிறது என்று பொருள். பழுப்பாகி, விழாமல் ஒரு கிளை முழுக்க இலை தொங்கினால், அதைத்தான் உடனே கவனிக்க வேண்டும். தோலைச் சற்றுச் சுரண்டிப் பார்த்து, பச்சை தெரியும் இடம் வரை வெட்டிவிடுங்கள்.

வாரிய இலையை என்ன செய்வது? கொளுத்தக் கூடாது. திறந்தவெளியில் எரிப்பதை நம் சுற்றுச்சூழல் சட்டம் தடுக்கிறது, புகை அடுத்த வீட்டுத் துணிக்கும் நல்லதில்லை. கூரையோரத் தகரத்திலும் கால்வாயிலும் அடைத்துக்கொண்ட இலையை முதலில் எடுங்கள். அங்கே தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். மிச்சத்தை மரத்தடியில் மூன்று விரல் கனத்துக்குப் பரப்பலாம், தண்டை மட்டும் ஒட்டக் கூடாது. மான்செஸ்டரில் இலை மக்க ஒன்றிரண்டு வருடம் ஆகும். நம் வெக்கையில் சில மாதங்களில் மண்ணாகிவிடும். கெத்தாப்பாங் இலையில் டானின் அதிகம், அது மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதில் நல்ல இலையாகப் பொறுக்கிக் காயவைத்தால், சண்டை மீன் வளர்க்கும் பையன்கள் வாங்கிக்கொள்வார்கள்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஆக்சின் விஷயத்தைச் சோதித்தே பார்க்கலாம். வண்ண இலை கோலியஸ் செடி பாசாரில் மலிவாகக் கிடைக்கும். அதில் ஒரே கணுவில் எதிரெதிராக இரண்டு இலைகள் இருக்கும். ஒன்றை அப்படியே விட்டுவிட்டு, மற்றதன் இலைப்பரப்பை மட்டும் வெட்டி வெறும் காம்பை நிறுத்துங்கள். இன்னொரு கணுவிலும் அதே மாதிரி வெட்டி, அந்தக் காம்பின் முனையில், வேர்விடத் தடவுகிற தூளை வாஸ்லினில் குழைத்து வையுங்கள். அந்தத் தூளில் இருப்பது ஆக்சின் வகைதான். முதல் காம்பு சில நாள்களில் தொட்டவுடன் விழும். தூள் தடவிய காம்பு, மேலே இலையே இல்லாவிட்டாலும், அதைவிட அதிக நாள் பிடித்துக்கொண்டு நிற்கும்.