கன்ஸ்ட்ரக்டர், டிஸ்ட்ரக்டர்: தமிழில் ஆக்கி, அழிப்பி

பொருள்நோக்கு நிரலாக்கத்தில் (object-oriented programming) தரவையும் அதைக் கையாளும் செயற்கூறுகளையும் (functions) சேர்த்து வைத்த அலகு பொருள் (object); அதை வார்க்கும் அச்சு வகுப்பு (class). ஒரு வகுப்பிலிருந்து புதிய பொருள் பிறக்கும்போது தானாக ஓடும் செயற்கூறு கன்ஸ்ட்ரக்டர். அந்தப் பொருளின் ஆயுள் முடியும்போது தானாக ஓடுவது டிஸ்ட்ரக்டர்.

இரண்டுக்கும் வேர் ஒன்றே. இலத்தீனில் ஸ்ட்ருவெரே என்றால் அடுக்குதல். சேர்த்து அடுக்கினால் கட்டுதல், அடுக்கியதைக் கலைத்தால் அழித்தல், முன்னொட்டுதான் வேறு.

1979-இல் பெல் ஆய்வகத்தில் பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் தொடங்கிய 'சி வித் கிளாஸஸ்' மொழியில் இந்த வேலைகளைச் செய்தவை நியூ, டெலீட் என்ற பெயருள்ள செயற்கூறுகள். பிறகு அது சி++ ஆக வளர்ந்தபோது, வகுப்பின் பெயரே கன்ஸ்ட்ரக்டரின் பெயராகவும் ஆனது. வகுப்பு 'கோப்பு' என்றால் கன்ஸ்ட்ரக்டர் கோப்பு(), டிஸ்ட்ரக்டர் ~கோப்பு(). சி++-க்கு அடிப்படையான சி மொழியில் ~ என்பது பிட்டுகளை (0, 1 இலக்கங்களை) எதிர்மாறாகப் புரட்டும் குறி. கன்ஸ்ட்ரக்டருக்கு எதிர்மாறானது டிஸ்ட்ரக்டர் என்பதை அந்த ஒரு குறியே சொல்லிவிடுகிறது. அழகான தேர்வு.

சரி, கன்ஸ்ட்ரக்டர் உண்மையில் எதைக் கட்டுகிறது? அது ஓடத் தொடங்கும் முன்பே நினைவகத்தில் இடம் ஒதுக்கியாகிவிடும். அந்த வெற்றிடத்தில் சரியான தொடக்க மதிப்புகளை வைத்து, பொருளைப் பயன்படுத்தும் நிலைக்குக் கொண்டுவருவதே அதன் வேலை. டிஸ்ட்ரக்டரும் நினைவகத்தை அழிப்பதில்லை. பொருள் தன் பொறுப்பில் எடுத்துவைத்ததை எல்லாம் திருப்பிக் கொடுக்கிறது. பொருள் இருந்த இடம் அதன் பிறகே விடுபடும்.

மேலே சொன்ன கோப்பு வகுப்பையே எடுத்துக்கொள்வோம். கன்ஸ்ட்ரக்டர் வட்டில் உள்ள கோப்பைத் திறக்கிறது, டிஸ்ட்ரக்டர் மூடுகிறது. ஒரு செயற்கூறுக்குள் இந்த வகுப்பின் பொருளை உள்ளமை மாறியாக, அதாவது அந்தச் செயற்கூறு முடியும்வரை மட்டும் வாழும் மாறியாக, அறிவிக்கிறோம். நடுவில் ஒரு வரி பிழையை எறிகிறது, அதாவது வேலையை அங்கேயே நிறுத்திப் பிழையை அறிவிக்கிறது. அதற்குக் கீழே உள்ள எந்த வரியும் ஓடாது. ஆனால் அந்தப் பிழை வெளியே எங்காவது பிடித்துக் கையாளப்பட்டால், கட்டுப்பாடு அங்கே போகும் வழியில் டிஸ்ட்ரக்டர் ஓடி, கோப்பை மூடிவிடும். மூடும் கட்டளையை நிரலர் மறந்துபோக வழியே இல்லை. சி++ தந்த மிகப் பெரிய கொடை இதுதான் என்பேன்.

ஒரு வகுப்பு இன்னொன்றின் இயல்புகளைப் பெறும் மரபுரிமையில் (inheritance) வரிசையும் முக்கியம். முதலில் அடிப்படை வகுப்பின் கன்ஸ்ட்ரக்டர், அப்புறம் வழிவந்த வகுப்பினுடையது. டிஸ்ட்ரக்டர்கள் அப்படியே தலைகீழ். ஜாவாவில் நினைவகத்தை எப்போது மீட்பது என்பதைக் பயன்படாத பொருள்களைத் தானாக நீக்கும் குப்பை சேகரிப்பான் முடிவுசெய்வதால், அங்கே டிஸ்ட்ரக்டர் கிடையாது.

தமிழில் கட்டுநர், உருவாக்கி, ஆக்கி என்றெல்லாம் எழுதலாம். 'நர்' மனிதரைக் குறிக்கும் விகுதி. ஓட்டுநர், இயக்குநர் போல. செயற்கூறுக்கு அது பொருந்தாது. மின்மாற்றி, ஒலிபெருக்கி என்பவற்றில் உள்ள 'இ' விகுதியே சரி. ஆக்கல், அழித்தல் என்று நாம் சேர்த்தே பழகிய இணை என்பதால் ஆக்கி, அழிப்பி என்பதே என் தேர்வு. ஆக்கியில் ஒரு சிக்கல் உண்டு: அது வினையெச்சமாகவும் வரும். 'பொருளை ஆக்கி' என்று எழுதினால் வாசகர் 'ஆக்கிவிட்டு' என்றே படிப்பார். அதனால் முதன்முறை வரும்போது 'ஆக்கிச் செயற்கூறு' என்று எழுதிவிடுவது நல்லது. அடைமொழி சேர்ந்துவிட்டால் குழப்பம் குறையும்: உள்ளீடு எதுவும் கேட்காதது இயல்பு ஆக்கி, இருக்கும் பொருளைப் பார்த்து அதே வகைப் புதியதை உருவாக்குவது நகல் ஆக்கி.