ஏ லெவல்: உயர்தரம்

இங்கிலாந்தின் பள்ளி இறுதித் தேர்வான ‘ஏ லெவல்’ என்றதும் முதல் தரம் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஆனால் ஏ லெவலில் ‘ஈ’ கிரேடு வாங்கினாலும் தேர்ச்சிதான். இந்த ‘ஏ’ மதிப்பெண் அல்ல. ‘அட்வான்ஸ்டு’ என்பதன் முதலெழுத்து.

இங்கிலாந்தில் ஹையர் ஸ்கூல் சர்ட்டிபிகேட் தேர்வை எடுத்துவிட்டு 1951இல் கொண்டுவந்தது இது. பதினாறு வயதுவாக்கில் ஓ லெவல், அதாவது ‘ஆர்டினரி’ (அந்த இடத்தில் இப்போது இருப்பது ஜிசிஎஸ்இ). அப்புறம் இரண்டு ஆண்டு, பெரும்பாலும் மூன்றே பாடம், ஆழமாகப் படித்து எழுதுவது ஏ லெவல். பல்கலைக்கழக இடத்துக்கு முக்கியமாகப் பார்ப்பது இதைத்தான்.

வீட்டு வாடகைக்குக் கொடுக்கும் ‘அட்வான்ஸ்’ஸும் இதே சொல்தான். ‘முன்னிருந்து’ எனப் பொருள்படும் பிற்கால லத்தீனின் ‘அபாந்தே’ பழைய பிரெஞ்சில் ‘அவான்சே’ (முன்னே செல்) ஆகி ஆங்கிலத்துக்குப் போனது. அதில் ‘ட்’ கிடையாது. ‘அட்’ என்னும் லத்தீன் முன்னொட்டோடு தொடங்கும் சொல் என்று தவறாக எண்ணி அதைப் பிற்காலத்தில் சொருகினார்கள். ‘லெவல்’ சிறு தராசைக் குறித்த லத்தீன் ‘லிபெல்லா’விலிருந்து வந்தது. கொத்தனாரின் ரசமட்டமும் ஆங்கிலத்தில் லெவல்தான்.

சரி, தமிழில்? ‘மேம்பட்ட நிலை’, ‘முன்னேறிய நிலை’ எல்லாம் அகராதியைப் பார்த்து ஒட்டவைத்தவை. ‘மட்டம்’ போடலாம் என்றால், மட்டமான தேர்வு என்று யாராவது சொல்லிவிடுவார்கள்! தமிழ்நாட்டில் 1978 முதல் புழங்கும் ‘மேல்நிலை’ பிளஸ் டூவுக்கு உரியது. பாட அமைப்பே வேறு. இலங்கைத் தமிழர் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டார்கள்: ஓ லெவல் சாதாரண தரம், ஏ லெவல் உயர்தரம். சான்றிதழிலும் செய்தியிலும் ‘க.பொ.த. உயர்தரம்’ (க.பொ.த. என்றால் கல்விப் பொதுத் தராதரப் பத்திரம்), பேச்சில் ‘ஏ.எல்.’ அதையே எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்தில் உயர்தரத்துக்கும் மேலே ஒரு படி இருந்தது, எஸ் லெவல். முதலில் ‘ஸ்காலர்ஷிப்’, பிறகு ‘ஸ்பெஷல்’ என்று விரித்தார்கள். சிறப்புத்தரம் என்றால் பொருந்தும். அதன் இடத்துக்கு 2002இல் ‘அட்வான்ஸ்டு எக்ஸ்டென்ஷன் அவார்டு’ வந்தது. நன்றாகப் படிக்கும் மாணவர்களிலும் யார் மேலே என்று பிரித்துப் பார்ப்பதற்கான தாள் அது. மெரிட், டிஸ்டிங்ஷன் என்று இரண்டே கிரேடு. இந்த ‘அவார்டை’ விருது என்று எழுதினால், மேடையில் பொன்னாடை போர்த்தியதுபோல் ஆகிவிடும். தேர்வெழுதிப் பெறுவது சான்றுதானே. ‘உயர்தர விரிவுச் சான்று’ என்றே எழுதலாம். 2009க்குப் பிறகு அதில் நீடித்தது கணிதத் தாள் மட்டும்.