மலிங்கரிங்: நோய்ப் பாசாங்கு

இல்லாத நோயை இருப்பதாகக் காட்டுவதும், இருக்கிற சின்னக் காயத்தை ஒன்றுக்குப் பத்தாகப் பெருக்கிக் காட்டுவதும் மருத்துவத்தில் மலிங்கரிங் எனப்படும். ஆனால் இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒருவர் அதைத் தெரிந்தே செய்ய வேண்டும். வெளியே கிடைக்கும் ஏதோ ஓர் ஆதாயத்துக்காகச் செய்ய வேண்டும். நஷ்டஈடு, விடுப்பு, வழக்கிலிருந்து தப்புதல், போதை தரும் வலிமருந்து என அந்த ஆதாயம் எதுவாகவும் இருக்கலாம். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அதற்குப் பெயர் வேறு. தமிழில் சொல் தேடுகிறவர்கள் வழுக்குவதும் இங்கேதான்.

மூலம் பிரெஞ்சு. அங்கே 'மலேங்க்ர்' என்றால் நோஞ்சான், மெலிந்தவன். இன்றைக்கும் பிரெஞ்சில் அதுதான் பொருள். பொய்யின் வாடையே கிடையாது. அதே குடும்பத்தில் பிறந்த இன்னொரு கொச்சைச் சொல், பொய்யான புண்களைக் காட்டிப் பிச்சை கேட்பவர்களைக் குறித்தது. ஆங்கிலத்துக்கு வந்தபோது அது பட்டாளத்துச் சொல். 1785இல் பிரான்சிஸ் குரோஸ் வெளியிட்ட கொச்சைச் சொல் அகராதியில், நோய் என்று சாக்குச் சொல்லிக் கடமையைத் தட்டிக்கழிப்பவன் என்று பொருள் தரப்பட்டிருக்கிறது. நிஜமாகவே மெலிந்தவனைக் குறித்த சொல், கடைசியில் பொய்யனின் பெயராகிவிட்டது. நோயாளியைப் பார்க்கும் பார்வையும் சில சமயம் இப்படித்தான் சறுக்குகிறது.

சொல் புதிது என்றாலும் செயல் பழையது. நோய் நடிப்பவர்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்று இரண்டாம் நூற்றாண்டிலேயே கிரேக்க மருத்துவர் கேலன் ஒரு சிறு கட்டுரை எழுதியிருக்கிறார். முழங்காலில் ஒரு செடியின் மருந்தைத் தடவி வீக்கம் வரவழைத்துக்கொண்ட அடிமையின் கதை அதில் வருகிறது. எஜமானுடன் பயணம் போகாமலிருக்க அந்த ஏற்பாடு.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'போலி நோய்' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு இது ஆகாது. போலி என்றால் ஒன்றைப் போல இருப்பது, அவ்வளவுதான். வேண்டுமென்றே செய்தது என்ற பொருள் அதற்குள் இல்லை. வலிப்பு போலத் தோன்றி, மூளையின் மின்னோட்டக் கோளாறால் வராத வலிப்புகள் உண்டு. அவற்றைப் 'போலி வலிப்பு' என்று எழுதும் பழக்கமும் இருக்கிறது. அந்த நோயாளிகள் நடிப்பதில்லை. உடல் அவர்கள் கட்டுப்பாட்டில் இல்லை. ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டால் பாவம், அவர்களும் பொய்யர்களாகிவிடுவார்கள். 'பொய்நோய்' என்பதிலும் இதே சிக்கல். 'நோய் நடிப்பு' பரவாயில்லை. ஆனால் இருக்கிற வலியைக் கூட்டிச் சொல்வதை அது சரியாகப் பிடிப்பதில்லை.

பள்ளிக்கூடம் போகாமலிருக்க வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளையைப் பார்த்து வீட்டில் என்ன சொல்வோம்? "பாசாங்கு பண்ணாதே!" அந்தச் சொல்லில் தெரிந்தே செய்வது, காரியத்துக்காகச் செய்வது, மிகைப்படுத்துவது மூன்றும் இருக்கின்றன. எனவே 'நோய்ப் பாசாங்கு' என்பதே பொருந்தும்.

பக்கத்தில் நிற்கும் இரண்டைப் பிரித்துவிட வேண்டும். ஆதாயம் எதுவும் இல்லாமல், நோயாளியாக இருப்பதற்காகவே நோயைப் புனைவது 'புனைநோய்க் கோளாறு'. இதன் கடுமையான வடிவத்துக்கு 1951இல் பிரிட்டிஷ் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர் வைத்த பெயர் மன்சாசன் நோய்க்குறி. இன்னொன்று, தெரிந்து செய்யாத செயற்பாட்டு நரம்பியல் கோளாறு; மேலே சொன்ன வலிப்பு இதில் ஒரு வகை. இவை இரண்டும் நோய்கள். பாசாங்கு நோயே அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 நோய் வகைப்பாட்டில் அதற்கு இசட்76.5 என்ற எண் இருந்தாலும், அந்த அத்தியாயம் நோய்களுக்கானது அல்ல.

கண்டுபிடிப்பதில்தான் கஷ்டம். வழக்கு பின்னணியில் இருப்பது, சொல்லும் வேதனைக்கும் பரிசோதனைக்கும் பெரிய இடைவெளி, ஒத்துழையாமை, சமூகவிரோத ஆளுமை என நான்கு சந்தேகக் குறிகளை அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடான டிஎஸ்எம்-5 தருகிறது. கடைசி இரண்டும் எனக்கு உறுத்துகின்றன. நிஜமான வலியோடு ஆறு மாதம் அலைந்தவரும் ஒத்துழைக்க மாட்டார், எரிந்துதான் விழுவார்.

1908இல் ஹூவர் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்த சோதனையைப் பாருங்கள். படுத்திருப்பவர் நல்ல காலைத் தூக்கும்போது, 'அசையாத' காலின் குதிகால் தானாகப் படுக்கையை அழுத்துகிறது. காலுக்கு வலு இருக்கிறது என்று இது காட்டும். அவர் ஏமாற்றுகிறார் என்று காட்டாது. செயற்பாட்டுக் கோளாறிலும் அப்படித்தான் அழுத்தும். முதுகுவலிக்கு வாடல் என்ற எலும்பு மருத்துவர் 1980இல் வகுத்த குறிகளும் இப்படியே தவறாகப் பயன்பட்டன. அவற்றைப் பாசாங்குச் சோதனையாக்கக் கூடாது என்று அவரே எச்சரித்தார்.

நோக்கத்துக்கு ஓரளவு அருகே போவது, நினைவு போய்விட்டது என்பவருக்கு வைக்கும் நினைவுச் சோதனைதான். முதலில் படங்களைக் காட்டுவார்கள். அப்புறம் இரண்டிரண்டாகக் காட்டி, எதை முன்பே பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். ஒன்றுமே நினைவில்லாதவர் குருட்டாம்போக்கில் சொன்னாலும் ஏறக்குறைய பாதி சரியாகும். அதைவிட மிகக் குறைவாக எடுக்க வேண்டுமானால், சரியான விடை தெரிந்திருந்தால்தான் முடியும்.

பாசாங்கு என்று தோன்றினாலும் முகத்துக்கு நேரே 'நடிக்கிறீர்கள்' என்று சொல்வதால் பயனில்லை. சண்டை வரும், இல்லையென்றால் நடிப்பு கூடும். "நல்ல செய்தி, நரம்பில் ஆபத்தான சேதம் எதுவும் தெரியவில்லை. இந்த மாதிரி வலி படிப்படியாகக் குறையும்" என்று சொன்னால், கௌரவம் கெடாமல் இறங்கிவர அவருக்கு ஒரு படி கிடைக்கும். தேவையில்லாத ஸ்கேன், அறுவை, போதை மாத்திரை வேண்டாம். அதே சமயம் பரிசோதனையைக் கைவிடவும் கூடாது; பாசாங்கு செய்பவருக்கும் குடல்வால் வீங்கும்.

குறிப்பேட்டில் தீர்ப்பு எழுதாமல் கண்டதை எழுதுவது நல்லது. 'பாசாங்கு செய்கிறார்' என்பதைவிட இது போதும்: 'படுத்த நிலையில் வலது காலை 30 டிகிரிக்கு மேல் தூக்க முடியவில்லை என்றார். கட்டிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அதே காலை முழுதாக நீட்டினார்.'