ஆய்வில் சேரச் சொன்னால்: மருந்துப்போலியும் உங்கள் உரிமையும்

வாட்டில் படுத்திருக்கும்போது ஒரு படிவத்தை நீட்டி, "புது மருந்தொன்றைச் சோதிக்கிறோம், சேர விருப்பமா?" என்று கேட்டால் முதலில் எழுவது பயம்தான். வெறும் குளிசையைத் தந்து நோயை முற்ற விட்டுவிடுவார்களோ? நியாயமான பயம். அதற்காகத்தான் விதிகள் இருக்கின்றன.

மருந்துப்போலி பார்வைக்கு மருந்து மாதிரியே இருக்கும். உள்ளே மருந்து இராது. ஆய்வில் சிலருக்கு மருந்தையும் சிலருக்கு இதையும் கொடுத்து ஒப்பிடுவார்கள். யாருக்கு எது போகிறது என்று பெரும்பாலும் டொக்டருக்கும் தெரியாது. சில வருத்தங்கள் தாமாகவே தணிந்துவிடும் என்பதால், மருந்தின் உண்மையான பலனைப் பிரித்தறிய இந்த ஒப்பீடு தேவைப்படுகிறது.

ஆனால் நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இருக்கும் நோயில், புது மருந்தை அந்தச் சிகிச்சையோடுதான் ஒப்பிட வேண்டும் என்கிறது மனிதர்களிடம் நடத்தும் மருத்துவ ஆய்வுகளுக்கென உலக மருத்துவச் சங்கம் வகுத்த, 1964இல் வந்து 2024இல் கடைசியாகத் திருத்தப்பட்ட ஹெல்சிங்கி பிரகடனம். வலுவான விஞ்ஞானக் காரணம் இருந்தால் விலக்கு உண்டு. அப்போதும் பாரதூரமான அல்லது மீளமுடியாத பாதிப்புக்கு நோயாளியை ஆளாக்கக் கூடாது.

வன்னியில் காலபோக வயலுக்குள் இறங்கும் எவருக்கும் புடையன் பாம்புக் கடி தெரியும். விஷமுறிவு மருந்து உயிரைக் காக்கும், ஆனால் அதுவே கடும் ஒவ்வாமையையும் கிளப்பலாம். அதைத் தடுக்க முன்கூட்டியே எந்த ஊசி போடுவது? இலங்கையில் 1,007 பேரிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வு, அட்ரினலின், புரோமெத்தசின், ஹைட்ரோகோட்டிசோன் மூன்றையும் மருந்துப்போலியோடு ஒப்பிட்டது. விஷமுறிவு மருந்தை யாருக்கும் மறுக்கவில்லை. போலி ஊசி அந்தத் தடுப்பு ஊசிக்குப் பதிலாக மட்டும்தான். குறைந்த அளவு அட்ரினலின், முதல் ஒரு மணித்தியாலத்தில் கடும் ஒவ்வாமையை 43 சதவீதம் குறைத்தது. வழக்கமாகப் போடப்பட்டு வந்த மற்ற இரண்டும் பலன் தரவில்லை. போலி ஊசி இல்லாமல் இது தெரியவந்திருக்காது.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை சிடோவுடின் என்ற மருந்து குறைக்கும் என்று 1994இலேயே தெரிந்தும், ஆபிரிக்காவிலும் தாய்லாந்திலும் கர்ப்பிணிகள் சிலருக்கு மருந்துப்போலி கொடுத்தார்கள். 1997இல் அது பெரும் சர்ச்சையானது. ஏழ்மையைக் காரணம் காட்டி இருக்கும் மருந்தை மறுப்பதை என்னால் ஏற்க முடியாது.

இலங்கையில் புது மருந்து ஆய்வுக்கு, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். படிவத்தைத் தமிழில் கேளுங்கள். சேர மறுக்கலாம், சேர்ந்தபின் விலகலாம். வழமையான வைத்தியம் அதனால் நிற்கக் கூடாது. ஒப்பமிடுமுன், "மருந்துப்போலிதான் எனக்கு வந்தால் இந்த நோய்க்கு வேறென்ன தருவீர்கள்?" என்று கேளுங்கள். பதில் விளங்கவில்லையென்றால் ஒப்பமிட வேண்டாம். இட்டால் பிரதியொன்றை வாங்கிக் கிளினிக் கொப்பியோடு வைத்திருங்கள்.