உருவகப்படுத்தப்பட்ட டென்னிஸ் என்றால் என்ன?

அக்டோபர் பிறந்தால் டென்னிஸ் ரசிகர்களுக்குக் கணக்குப் பித்து பிடித்துவிடும். ஷாங்காய், பாரிஸ், கடைசியாக டூரின் என்று ஆண்டு இறுதிப் போட்டிகளைக் கணினியில் ஓட்டிப் பார்த்து, யார் ஜெயிப்பார் என்று பட்டியல் போடுவார்கள். போடட்டும். அதைத் தமிழில் எழுதுகிறவர்கள் சொல்லிவைத்தாற்போல் 'உருவகப்படுத்தப்பட்ட போட்டி முடிவுகள்' என்று எழுதுவதைத்தான் சகிக்க முடியவில்லை. 'உருவகப்படுத்தப்பட்ட பாரிஸ் மாஸ்டர்ஸில் சின்னர் சாம்பியன்' என்றால், அவர் ஏதோ கவியரங்கத்தில் பரிசு வாங்கியதுபோல் அல்லவா இருக்கிறது?

மூலச்சொல் சிமுலேஷன். லத்தீனில் 'சிமிலிஸ்' என்றால் 'போன்ற'. ஆங்கிலத்தில் உவமைக்குச் சொல்லும் 'சிமிலி'யும் அதே வேர்தான். பூர்வீகம் அவ்வளவே.

இங்கேதான் வேடிக்கை. உவமையோடு பிறந்த சொல்லுக்கு நம்மவர்கள் உருவகத்தைக் கட்டிவைத்திருக்கிறார்கள். மதிமுகம் என்றால் உவமை, முகமதி என்றால் உருவகம் என்று பள்ளியிலேயே படித்தோம். உவமைக்கும் பொருளுக்கும் உள்ள வேற்றுமையை நீக்கி இரண்டையும் ஒன்றாக்குவதே உருவகம் என்கிறது தண்டியலங்காரம். கணினியில் ஓடும் போட்டியோ நிஜப் போட்டியோடு ஒன்றாவதே இல்லை. 'அது போன்றது' என்ற இடைவெளி இருந்தால்தான் அதற்கு மதிப்பே.

எப்படி ஓட்டுகிறார்கள் என்று பார்த்தால் இது புரியும். ஆண்டின் முன்னணி ஆட்டக்காரர்கள் மட்டும் மோதும் டூரினில் 8 பேர், நான்கு நான்காக இரண்டு பிரிவு, எல்லாம் சேர்த்து 15 ஆட்டம். ஒருவர் தன் சர்வில் நூற்றுக்கு 55 புள்ளி எடுப்பார் என்று வைத்துக்கொண்டால், அந்த கேமை எடுக்கும் வாய்ப்பு 62 விழுக்காடு. இப்படிப் புள்ளியிலிருந்து கேம், கேமிலிருந்து செட் என்று ஏறி, முழுப் போட்டியையும் ஆயிரக்கணக்கான தடவை பகடை உருட்டுவதுபோல் ஓட்டுகிறார்கள். ஒரு தடவை அல்கராஸ், அடுத்த தடவை சின்னர், என்றைக்காவது எட்டாம் ஆள். இதில் எதை எதாக உருவகித்தார்கள்?

இந்த முறைக்கு மான்டே கார்லோ என்று பெயர், மொனாக்கோவின் மான்டே கார்லோவில் உள்ள சூதாட்ட விடுதியை நினைத்து வைத்தது. 2025 ஷாங்காயில் அந்த மொனாக்கோ நாட்டுக்காரரே, தரவரிசையில் 204ஆம் இடத்திலிருந்த வாஷ்ரோ, தகுதிச்சுற்றிலிருந்து ஏறி வந்து, இறுதியில் சொந்த ஒன்றுவிட்ட சகோதரர் ரிண்டர்நெக்கை வீழ்த்திக் கோப்பையைத் தூக்கினார். எந்தக் கணினி அவரை முதலில் போட்டிருக்கும்? அடுத்த மாதமே இன்னொன்று. ஏதென்ஸ் இறுதியில் முசெட்டியை வென்ற ஜோகோவிச் டூரினிலிருந்து விலகிக்கொள்ள, தோற்ற முசெட்டிக்கு அந்த இடம் கிடைத்தது. போன்றதற்கும் அதுவேயானதற்கும் உள்ள தூரம் இதுதான்.

சரி, மாற்றுச்சொல்? 'மெய்நிகர்' என்பார்கள். நல்ல சொல், ஆனால் வேறு பொருளுக்குப் போய்விட்டது. 2020இல் ஊரடங்கால் மாட்ரிட் போட்டி நின்றபோது, வீரர்கள் வீட்டிலிருந்தே வீடியோ கேமில் ஆடினார்கள், ஆண்டி முர்ரே ஜெயித்தார். அது மெய்நிகர், சந்தேகமில்லை. ஆனால் அங்கே ஆடியது முர்ரேயின் கட்டைவிரல், நிகழ்தகவு அல்ல. 'பாவனை' என்றால் இலங்கையில் பயன்பாடு என்று பொருள், பாவனையாளர் என்றால் பயனர். 'பாசாங்கு' கால்பந்துக்குச் சரி, அடிபடாமலே புல்லில் புரண்டு மஞ்சள் அட்டை வாங்குவதற்கும் ஆங்கிலத்தில் இதே சிமுலேஷன்தான். இலக்கணத்தில் 'போலி' குற்றமில்லாத சொல். நிலம் நிலன் ஆனால் கடைப்போலி என்போம், யாரையும் கைது செய்ய மாட்டார்கள். ஆனால் இன்று 'போலி டென்னிஸ் முடிவுகள்' என்று தலைப்பிட்டால் சூதாட்டத் தடுப்புப் பிரிவு வந்து நிற்கும்.

என் தேர்வு ஒப்பு. பொதுவாக ஒப்புருவாக்கம், ஆட்டத்துக்கு ஒப்பாட்டம். 'ஒப்பாட்ட முடிவுகள்: பாரிஸ்' என்று எழுதினால் கணினி ஆடியதா, ஆள் ஆடியதா என்ற குழப்பம் வராது. ஒப்பாரி மாதிரி ஒலிக்கிறதே என்றார் நண்பர். ஒலித்தால் என்ன, ஒப்பாரிக்கே ஒப்புமை என்ற பொருளும் உண்டு. அதுவும் வேண்டாமென்றால் சிமுலேஷன் என்றே எழுதுங்கள், தமிழ் ஒன்றும் செத்துவிடாது. தவறான தமிழைவிட நேர்மையான கடன்சொல் மேல்.

உண்மையில் சொல்லாக்கத்தில் ஏழ்மையில்லை. வாக்கியத்தைப் படிக்காமல் சொல்லுக்குச் சொல் மாற்றும் பழக்கம்தான் கெடுக்கிறது. அதே பட்டியல்களில் ஆங்கில 'லேட் சீசன்', 'தாமதமான பருவப் போட்டிகள்' என்று வேறு வருகிறது. பருவம் தாமதமாகவில்லை ஐயா, முடியப்போகிறது. 'சீசன் கடைசியில்' என்று எழுதினால் போதும். குற்றால சீசன் என்று எழுதக் கூசாத கை, டென்னிஸ் சீசன் என்று எழுத மட்டும் ஏன் நடுங்குகிறதோ தெரியவில்லை.