நித்தியகல்யாணிக்கு எந்த ஜன்னல்?

நாகப்பட்டினத்துக் கடலோர மணலிலும் காவிரிக் கிளையாறுகளின் கரைகளிலும், யாரும் நட்டுத் தண்ணீர் ஊற்றாமலேயே நித்தியகல்யாணி பூத்துக் கிடக்கிறது. மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, மயானத்து வெயிலிலும் வாடாமல் நிற்பதால் சுடுகாட்டுமல்லி என்றும் பெயர் பெற்றது. அதையே தொட்டியில் வைத்துக் கூடத்துக்குள் கொண்டுவந்தால், சில வாரங்களில் தண்டு நெடுநெடுவென்று நீண்டு, பூ நின்று, அடியிலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன.

முதற்காரணம் ஒளி. நடுப்பகல் வெயிலின் ஒளியளவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். ஜன்னலை விட்டுத் தள்ளிய அறை மூலையிலோ சில நூறு லக்ஸே இருக்கும். நம் கண் இருளுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இவ்வளவு பெரிய வேறுபாட்டை நாம் உணர்வதில்லை; இலையால் அவ்வாறு ஏமாற முடியாது. ஒளிச்சேர்க்கையில் கிடைக்கும் சர்க்கரை சுவாசத்துக்கே போதாதபோது, பூவுக்கென்று எதுவும் மிஞ்சாது.

ஆகவே ஜன்னலோரம் வேண்டும். ஆனால் எந்த ஜன்னல்? தென்புற ஜன்னலே சிறந்தது என்று ஐரோப்பிய, அமெரிக்கத் தோட்டக் குறிப்புகள் சொல்வதை அப்படியே பின்பற்றுவோர் இங்கு ஏமாந்துபோவார்கள். தஞ்சாவூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10.8 பாகையில் இருப்பதால், சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணித் தொடக்கம் வரை சூரியன் நம் தலைக்கு வடக்கே செல்கிறது. அதிலும் ஆனி மாதத்தில், காலையில் வடகிழக்கில் எழுந்து மாலையில் வடமேற்கில் மறையும் வரை அது வடக்குப் பக்கத்திலேயே இருப்பதால், தென்புற ஜன்னலில் நேர்வெயில் ஒரு நிமிடம்கூட விழாது. மார்கழியில் நிலை தலைகீழாகிறது: நண்பகல் சூரியன் தென்வானில் சுமார் 56 பாகை உயரத்தில் நிற்கும். தொட்டியை ஆண்டுக்கு இருமுறை இடம் மாற்றச் சோம்பல்படுவோர் கிழக்கு ஜன்னலில் வைத்துவிடுவது நல்லது. எனினும் தாழ்வாரம் இறங்கிய பழைய ஓட்டு வீடுகளில், எந்த ஜன்னலையும்விட முற்றத்து விளிம்பே மேல் என்பது என் கருத்து.

இரண்டாவது காரணம் தண்ணீர். செடியைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். ஒளி குறைந்தால் இலை வெளிவிடும் நீராவியும் குறைகிறது. ஆனால் நாம் ஊற்றும் அளவு குறைவதில்லை. காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே ஆக்சிஜன் நீரில் பரவுகிறது என்பதால், ஊறிய மண்ணில் வேர் மூச்சுத் திணறி அழுகுகிறது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாமல் இலை தொங்க, அதைக் கண்டு தாகம் என்று எண்ணி இன்னும் ஒரு சொம்பு ஊற்றுகிறோம். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, அங்கும் காய்ந்திருந்தால் மட்டுமே ஊற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பல நாட்கள் ஊற்றாமலே இருக்கலாம்.

நெல்லுக்குப் பொன்னான நம் வண்டல், தொட்டியில் தொல்லை. நுண்துளைகள் நீரைப் பிடித்துக்கொள்வதால், வடிந்து முடிந்த பின்னும் தொட்டியின் அடியில் ஓர் அடுக்கு ஊறியே கிடக்கும்; துகள் நுண்ணியதாக ஆக, அந்த அடுக்கின் உயரம் கூடும். அடியில் ஜல்லியும் ஓட்டாஞ்சில்லும் பரப்பினால் வடிந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில், நுண்துளை மண்ணிலிருந்து பெருந்துளை ஜல்லிக்குள் நீர் எளிதில் இறங்காது. ஊறிய அடுக்கு ஜல்லிக்கு மேலே ஏறி வேரை நெருங்குகிறது. அதைவிட, வண்டலோடு சம அளவு பருமணலும், அரிசி ஆலையில் கிடைக்கும் உமியைக் கருக்கியதும் கலப்பது பயன் தரும்.

இச்செடியிலிருந்து வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் பிரித்தெடுக்கப்படுகின்றன. செடி முழுவதும் நஞ்சு என்பதும் அதோடு சேர்ந்ததே; சர்க்கரை நோய்க்கென்று இலையை மென்று தின்பது ஆபத்து; குழந்தைகளுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும்.

நிழலில் நீண்டுவிட்ட செடியை ஒரே நாளில் வெயிலில் வைத்தால், மெல்லிய இலைகள் கருகிவிடும். முதலில் காலை வெயில் ஒரு மணி நேரம் எனத் தொடங்கி, பத்து நாட்களில் படிப்படியாகக் கூட்டி, நீண்ட தண்டுகளைப் பாதியளவு கிள்ளிவிட்டால், கணுக்களிலிருந்து தடித்த புதிய இலைகள் துளிர்க்கும்.