வைரம் பாயும் முன் வேலமரத்தை வெட்டாதீர்கள்

சேலத்தைச் சுற்றி மேட்டாங்காடு, அதாவது மழையை நம்பிய மேட்டு நிலம், வைத்திருக்கும் விவசாயிகள் என்ன மரம் நடலாம் என்று கேட்டு என்னிடம் வருவார்கள். காட்டைப் போய்ப் பார்த்தால், நடுவதற்கு முன்பே ஒரு வேலையை முடித்திருப்பார்கள். ஜேசிபி விட்டு ‘முள்ளுமரம்’ அத்தனையையும் பிடுங்கி வரப்போரம் குவித்திருப்பார்கள். சீமைக் கருவேலத்தோடு நாட்டுக் கருவேலமும் வெள்வேலமும் சேர்ந்தே அங்கே கிடக்கும். சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது ஊரெங்கும் இந்த வேலை சூடுபிடித்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அந்த மரத்தை எடுப்பதில் எனக்கும் சம்மதமே. ஆனால் பெயரிலும் முள்ளிலும் ஏமாந்து நம் மரத்தை இழப்பது மனதை வருத்துகிறது.

பூத்திருந்தால் அடையாளம் சுலபம். சீமைக் கருவேலத்தின் பூ நீளமான கதிர். நாட்டுக் கருவேலத்துக்கு மஞ்சள் நிற உருண்டைப் பூ. அதன் காய் விதைக்கு விதை இடுங்கி, மணி கோத்ததுபோல் தொங்கும். வெள்வேலத்தின் பட்டை வெளுத்திருக்கும், பூவும் வெளிறிய சின்ன உருண்டைகளாகக் கொத்துக் கொத்தாக வரும்.

சரி, மரத்துக்குள் என்ன இருக்கிறது? நன்கு முதிர்ந்த கருவேலத்தின் குறுக்குவெட்டைக் கூரான கத்தியால் சீவி, லேசாகத் தண்ணீர் தொட்டுப் பாருங்கள். வெளியே வெளிர்மஞ்சளாக ஒரு வளையம், உள்ளே செம்பழுப்பு. வெட்டிய புதிதில் சற்று ரோஜா நிறமாக இருந்து, காற்றுப்பட்டுப் பிறகு கறுக்கும். வெளி வளையம்தான் வேரிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் உயிருள்ள பகுதி. ஆசாரிமார் இதை வெள்ளை என்பார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஊசியால் குத்தியது மாதிரி துளைகள் தெரியும். அவைதான் நீர்க்குழாய்கள். ஒவ்வொன்றையும் சுற்றி வெளிறிய ஒரு வட்டம், அதன் இருபுறமும் சிறகு விரித்தாற்போல் நீளும். அது மாவுச்சத்தைச் சேமித்து வைக்கும் திசு. அந்த மாவுக்காகத்தான் வண்டு வந்து துளைக்கிறது, வெள்ளை உளுத்துப்போகிறது. மரம் முதிரும்போது உட்புறச் செல்கள் இறக்கின்றன. இறப்பதற்கு முன் அந்த மாவைச் செலவழித்துத் துவர்ப்புப் பொருள்களை உண்டாக்குகின்றன, குழாய்களில் பிசின் படிகிறது. இப்படி மாறிய உட்பகுதிதான் வைரம். கரையானும் பூஞ்சையும் அதை எளிதில் தொடுவதில்லை.

வளையத்தை எண்ணி வயது சொல்லும்படி சிலர் கட்டையோடு வருகிறார்கள். வேலத்தில் அது சரிவராது. குளிர்நாட்டு மரங்களில் உள்ளதுபோல் தெளிவான ஆண்டு வளையம் இதில் கிடையாது, மெல்லிய கோடுகள்தான் இருக்கும். சேலத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மரம் வருடத்தில் ஒருமுறைக்கு மேல் வளர்ந்து ஓயலாம், கோடும் அப்படியே விழலாம். நட்ட வருடத்தைக் குறித்து வைப்பதே நல்லது.

ஏழெட்டு வருட மரத்தில் பெரும்பகுதி வெள்ளைதான். வியாபாரி அதை விறகாக டன் கணக்கில் எடை போட்டுக் கொண்டுபோவார். விறகுக்கு வேலம் அருமையான மரம், கிலோவுக்கு 4,800 கிலோகலோரி அளவுக்கு வெப்பம் தரும், கரியும் நன்றாக வரும். விறகு வேண்டுமானால் 10 முதல் 15 வருடத்தில் வெட்டுங்கள். மரவேலைக்கு என்றால் 20 வருடம் தாண்டட்டும். மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுவிலுள்ள குடம், விளிம்பான வட்டை, கலப்பை, மண்வெட்டிக் காம்பு எல்லாவற்றுக்கும் வைரம் பாய்ந்த வேலத்தையே நம் ஆட்கள் தேடியது அடியையும் அதிர்ச்சியையும் அது தாங்கும் என்பதால்தான். வெட்டிய கட்டையைச் சில மாதம் குளத்தில் ஊறப்போடும் பழக்கமும் வீணில்லை. வெள்ளையில் உள்ள மாவு கரைந்து வண்டு குறையும்.

மரத்தை நிற்க விட்டாலும் வருமானம் உண்டு. கருவேலம் பிசின் தரும், பட்டையும் காயும் தோல் பதனிடப் பயன்படும். வெள்வேலம் பட்டையைச் சாராய ஊறலில் போட்டே கெடுத்தார்கள். ஆனால் கோடையில் புல் காய்ந்த பிறகு ஆட்டுக்கு அதன் காயைவிட நல்ல தீவனம் மேட்டாங்காட்டில் வேறு எது இருக்கிறது? கருவேலத்தின் வேரில் உள்ள முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குக் கொண்டுவருகின்றன. ஏற்காடு மேலே காப்பித் தோட்டத்துக்குச் சில்வர் ஓக் நடுகிறார்கள், அந்தக் குளிரில் வேலம் வராது. சேர்வராயன் அடிவாரத்து வறண்ட நிலம்தான் அதற்கு ஏற்ற இடம். ஏரி உட்பகுதியில் சில நாள் தண்ணீர் நின்றாலும் கருவேலம் தாக்குப்பிடிக்கும்.

தானாக முளைத்த கன்று இருந்தால் பிடுங்காதீர்கள். முதல் சில வருடம் பக்கக் கிளையைக் கழித்து ஒற்றை அடிமரமாக ஏற்றுங்கள், அப்போதுதான் பலகைக்கு ஆகும் நேரான கட்டை கிடைக்கும். கன்றே இல்லையென்றால் ஆட்டுப்பட்டியில் தேடுங்கள். காயைத் தின்ற ஆடு அசைபோடும்போது துப்பும் விதை அங்கே கிடக்கும், அது மற்ற விதையைவிட நன்றாக முளைக்கும். மரத்திலிருந்து பறித்த விதை என்றால் கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு ஒரு நாள் ஊறவைத்து, மழை பிடித்ததும் ஊன்றுங்கள்.